பிள்ளையளும் செல்போனும்: என் கடைக்கு வாரவங்க திரும்ப திரும்ப கேக்கிற கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலைக்கு பக்கத்துல சின்னதா ஒரு செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், 14 வருசமாச்சு. முன்ன எல்லாம் டிஸ்ப்ளே போச்சு, சார்ஜ் ஏறல, தண்ணில விழுந்துட்டுன்னுதான் ஆளு வரும். கொரோனா சமயத்துல ஆன்லைன் கிளாஸ்னு சொல்லி வீட்டுக்கு வீடு பிள்ளையளு கையில போன் ஏறிச்சுல்லா, அதுக்கு பொறவு போன் கூடவே ஒரு கேள்வியும் சேந்து வருது. அம்மா வந்து "தம்பி இத எப்படியாவது பூட்டி தா"ன்னு நிப்பாங்க, மறுநாள் சாயங்காலம் அதே வீட்டு பையன் யூனிபார்மோட வந்து "அண்ணா அந்த பூட்ட எடுத்து தாங்க"ன்னு நிப்பான். ரெண்டு பேரு கேள்வியும் என்கிட்ட வந்து சேருது, ஆனா வீட்டுக்குள்ள ஒருத்தர்ட்ட ஒருத்தர் கேட்டிருக்கவே மாட்டாங்க.

அதான் ஒரே இடத்துல எழுதி வைப்போம்னு உக்காந்தேன். நான் டாக்டரும் இல்ல வக்கீலும் இல்ல, படிச்சு கேட்டு தெரிஞ்சதும் கடையில கண்ணால பாத்ததும்தான் இது. எனக்கும் பத்தாங்கிளாஸ் படிக்க மவ உண்டு, அதனால இதுல பாதி என் வீட்டு சமாச்சாரம்தான். கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

தம்பி, எத்தன வயசுல பிள்ளைக்கு தனியா போன் வாங்கி குடுக்கலாம்?

போன் வச்சுக்கிட இத்தன வயசுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஆனா சிம்முக்கு உண்டு, 18 வயசு ஆகாத ஆளு பேருல சிம் குடுக்க மாட்டாங்க. அப்படின்னா உங்க பிள்ள கையில இருக்க சிம் உங்க பேருல இருக்கு, அதுல என்ன நடந்தாலும் முதல்ல உங்க வீட்டு கதவதான் தட்டுவாங்க. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ரெண்டுக்கும் கம்பெனியே வச்சிருக்க வயசு 13. எட்டு வயசு பிள்ளைக்கு பிறந்த வருசத்த மாத்தி போட்டு இன்ஸ்டா ஓப்பன் பண்ணி குடுக்காங்க, அது நம்ம கையாலயே பிள்ளைய பெரிய ஆளுன்னு எழுதி குடுக்கது மாதிரி, பொறவு பெரியவங்களுக்கு வர்ற எல்லாமும் அதுக்கும் வரும்.

என் யோசனைய கேட்டா, டியூஷன் முடிஞ்சு பஸ்சுக்கு நிக்க பிள்ளைக்கு ஒரு பட்டன் போன் போதும். படிப்புக்கு தேவையான போன் வீட்டு போனா இருக்கட்டும், ஹால்ல இருக்கட்டும். பத்தாங்கிளாஸ் முடிய வரைக்கும் இத இழுத்து பிடிச்சா பெரிய உபகாரம்.

ஒரு நாளைக்கு இத்தன மணி நேரம்னு ஒரு கணக்கு சொல்லுங்களேன்?

உலக சுகாதார நிறுவனம் 5 வயசுக்கு கீழ உள்ள குழந்தைகளுக்குத்தான் மணி கணக்கு சொல்லியிருக்கு, 2 வயசுக்கு மேல ஒரு மணி நேரத்துக்குள்ள, அதுவும் கம்மியா இருந்தா நல்லதுன்னு. 15 வயசு பையனுக்கு அப்படி ஒரு நம்பர் கிடையாது. ரெண்டு மணி நேரம் கணக்கு சொல்லித்தர வீடியோ பாக்கதும் ரெண்டு மணி நேரம் ரீல்ஸ் தள்ளுததும் ஒண்ணா?

நான் கேக்க சொல்லுதது வேற. போன் வந்த பொறவு பிள்ள எத விட்டுச்சு? சாயங்காலம் கிரவுண்டுக்கு போறத விட்டானா, ஒறக்கம் கொறஞ்சுதா, சோறு திங்கும்போது தல நிமிராம இருக்கானா, வீட்டுக்கு வந்த மாமா அத்தைட்ட நாலு வார்த்தை பேசினது நின்னு போச்சா? இதுல ரெண்டு மூணு ஆமான்னு வந்தா பாக்கது ஒரு மணி நேரமா இருந்தாலும் கூடுதல்தான்.

ராத்திரி படிக்கேன் படிக்கேன்னு போன வச்சுக்கிடுதான், எடுத்தா சண்ட. என்ன செய்யது?

என்கிட்ட கேட்டா எல்லா கேள்வியிலயும் முதல்ல தீர்க்க வேண்டியது இதுதான். 13ல இருந்து 18 வயசு வரைக்கும் பிள்ளைக்கு 8 மணி நேரத்துல இருந்து 10 மணி நேரம் ஒறக்கம் வேணும். இந்த வயசுல ஒடம்புக்குள்ள இருக்க கடிகாரமே கொஞ்சம் தள்ளி ஓடும், ஒறக்கம் தானாவே லேட்டாதான் வரும், அது சோம்பேறித்தனம் இல்ல. அதுக்கு மேல மூஞ்சிக்கு நேரா வெளிச்சம் அடிச்சா ஒறக்கத்த கொண்டு வர மெலடோனின் சுரக்கதும் தள்ளி போகும். காலையில ஸ்கூல் பஸ்சு மட்டும் தள்ளி வராது. ரப்பர் பால்வெட்டுக்கு வெளுக்கதுக்கு முன்ன மூணு மணிக்கு எழும்பின ஒரு அப்பா, மவன் ரூம்ல வெளிச்சம் தெரியுதேன்னு பாத்தா அவன் இன்னும் ஒறங்கவே இல்லன்னு என்கிட்ட சொல்லி சங்கடப்பட்டாரு. பையன் ஒம்பதாங்கிளாஸ்.

செய்ய வேண்டியது ஒண்ணுதான், சார்ஜர் எல்லாம் அடுக்களைல. ராத்திரி 9.30க்கு வீட்டுல உள்ள எல்லா போனும் அங்க போய் படுக்கணும், அப்பா போன் அம்மா போன் உள்பட. அலாரம் வேணும்னு சொல்லுவான், வடசேரி சந்தைப்பக்கம் நூறு எரநூறுக்கு டைம்பீஸ் கிடைக்கும் வாங்கி குடுத்துருங்க. வாட்ஸ்அப்ல வந்த நோட்ஸ ராத்திரிதான் எழுதணும்னா 8 மணிக்கே நோட்டுல எழுதிட்டு போன வைக்கட்டும். முதல் ஒரு வாரம் வீடு போர்க்களமாத்தான் இருக்கும், எங்க வீட்டுலயும் இருந்துச்சு. அதுல முக்காவாசி சண்ட எனக்கும் எம் பொண்டாட்டிக்கும்தான், என் போனதான் நான் வைக்க மாட்டேன்னு நின்னேன்.

கண்ணு போயிருமா அண்ணாச்சி? நீலக்கண்ணாடி போட்டா சரியாகுமா?

ஸ்க்ரீன பாக்கும்போது நாம இமைக்கது கொறையுது, அதான் கண்ணு காஞ்சு எரியுது. 20 நிமிசத்துக்கு ஒருக்கா 20 அடி தள்ளி உள்ள எதையாவது 20 செகண்டு பாக்கணும், வீட்டு முத்தத்துல ஒரு தென்னை இல்லாமலா போகும். கிட்டப்பார்வை வராம இருக்க பகல் வெளிச்சத்துல வெளிய விளையாடதுதான் நல்லதுன்னு கண் டாக்டர்மாரு சொல்லுதாங்க. நீலக்கண்ணாடி போட்டா கண்ணு வலி கொறையும்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு 2023ல நிறைய ஆராய்ச்சிகள சேத்து பாத்து சொல்லியாச்சு, அந்த காச மிச்சம் பிடிங்க. ஹெட்செட் சத்தத்துல பாதிக்கு மேல வேண்டாம், காதுல போனது திரும்ப வராது.

அண்ணா, ரீல்ஸ் ஒண்ணு பாக்கலாம்னு எடுப்பேன், மணி பாத்தா ரெண்டு மணி நேரம் போயிருக்கும். நான் அடிமை ஆயிட்டேனா?

ப்ளஸ் ஒன் படிக்க ஒரு பையன் ஆளு இல்லாத நேரம் பாத்து கேட்டது. மக்கா, ஒன்கிட்ட மட்டும் உள்ள கோளாறு இல்ல இது. அடுத்து என்ன வரும்னு ஒனக்கு தெரியாது, பத்து மோசமா வரும், பதினோராவது நல்லா இருக்கும். எப்ப கிடைக்கும்னு தெரியாம கிடைக்க பரிசுதான் மனுசன கூடுதலா இழுக்கும், தூண்டில் போட்டுட்டு உக்காந்திருக்கவன் எழும்ப மாட்டான்ல்லா, அதே கணக்கு. பேப்பர்னா கடைசி பக்கம் உண்டு, ரீல்ஸுக்கு கடைசியே கிடையாது, நிறுத்த ஒரு இடமே இல்லாம வேணும்னேதான் அப்படி செஞ்சு வச்சிருக்காங்க. நீ எவ்வளவு நேரம் பாக்கியோ அவ்வளவு விளம்பரம் அவங்களுக்கு.

அதனால மனச திடப்படுத்துதேன்னு சபதம் எடுக்காத, ரெண்டு நாள்ல உடையும், உடைஞ்ச பொறவு ஒம்மேலயே ஒனக்கு வெறுப்பு வரும். வழிய கஷ்டமாக்கு. நோட்டிபிகேசன ஆப் பண்ணு, ஆப்ப முன்பக்கத்துல இருந்து எடுத்துரு, பாத்து முடிச்ச உடனே லாக்அவுட் பண்ணிரு, திரும்ப பாஸ்வேர்டு அடிக்கணும்னு வந்தாலே பாதி நேரம் விட்டுருவோம். செட்டிங்ஸ்ல டிஜிட்டல் வெல்பீயிங்னு இருக்கும், இன்ஸ்டாவுக்கு 30 நிமிசம் டைமர் வை, கலர எடுத்து கறுப்பு வெள்ளையாக்கவும் அதுலயே வழி உண்டு.

அடிமைத்தனம்னு டாக்டர்மாரு சும்மா சொல்ல மாட்டாங்க. கேமுக்கு மட்டும் உலக சுகாதார நிறுவனம் அப்படி ஒரு நோயின்னு பட்டியல்ல சேத்திருக்கு, அதுவும் நிறுத்த முடியாம, படிப்பு சாப்பாடு எல்லாம் கெட்டு, சாதாரணமா ஒரு வருசமாவது தொடர்ந்து இருந்தாத்தான். நீ வந்து கேட்டேல்ல, அதுவே ஒனக்கு பிடி இன்னும் கையில இருக்குன்னு காட்டுது.

படிக்கும்போது போன் சைலன்ட்ல பக்கத்துலதான் கிடக்கு, அதுல என்ன கேடு?

கேடு உண்டு. ஒரு மெசேஜ எட்டி பாத்துட்டு திரும்ப கணக்குக்கு வந்தா, விட்ட எடத்த பிடிக்க நேரம் ஆகும், அப்படி பத்து தடவ ஆனா ஒரு மணி நேர படிப்புல மிச்சம் என்ன இருக்கு. படிக்க ரூம்ல போன் வேண்டாம், அவ்வளவுதான். கிளாஸ் குரூப்புல வீட்டுப்பாடம் வருதேன்னு சொல்லுதவங்களுக்கு, சாயங்காலம் ஒருக்கா ராத்திரி 8 மணிக்கு ஒருக்கா, ரெண்டு தடவ பாத்தா ஒண்ணும் தப்பிப்போகாது.

பேமிலி லிங்க் போட்டு தாங்க, பொறவு எனக்கு நிம்மதி. சரிதானே?

போட்டு தாரேன், நல்ல சாமான்தான், கூகுள்ளயே இலவசமா கிடைக்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், ராத்திரி எத்தன மணிக்கு பூட்டணும், எந்த ஆப் ஏத்தலாம், பிள்ள எங்க நிக்குன்னு உங்க போன்லயே பாக்கலாம். ஆனா பிள்ள யாருட்ட என்ன பேசுதுன்னு அதுல தெரியாது, கூட்டுகாரன் போன்ல என்ன பாக்கான்னும் தெரியாது. இன்ஸ்டாவுல 18 வயசுக்கு கீழன்னு சரியான வயசு போட்டிருந்தா டீன் அக்கவுண்டுன்னு தானா மாறும், இந்தியாவுக்கு 2025 பிப்ரவரில வந்துச்சு, தெரியாத ஆளு மெசேஜ் அனுப்ப முடியாது, ராத்திரி 10ல இருந்து காலையில 7 வரை சத்தம் போடாது. முதல் பதில்ல வயச மாத்தாதீங்கன்னு சொன்னது இதுக்கும்தான்.

பிள்ளைக்கு தெரியாம உளவு ஆப் போட்டு தான்னு கேக்கவங்களும் உண்டு. அத நான் செய்ய மாட்டேன். ஒருநாள் பிள்ளைக்கு தெரிய வரும், கண்டிப்பா வரும், நம்மள விட அதுக்குதான் போன் நல்லா தெரியும். அன்னைக்கு போன நம்பிக்கைய என் கடையில எந்த சாப்ட்வேரும் போட்டு சரியாக்க முடியாது. பூட்டு போடுததா இருந்தா பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சு, எதுக்கு போடுதோம், எப்ப தளத்துவோம்னு சொல்லி போடுங்க. அப்படி போட்ட வீட்டு பிள்ளையளு எடுத்து தாங்கன்னு என்கிட்ட வரது ரொம்ப கொறைவு.

கேம்ல காசு போச்சு, 11 ஆயிரம். பேங்க்ல கேட்டா நீங்கதான் பின் போட்டிருக்கீங்கன்னு சொல்லுதான். திரும்ப கிடைக்குமா?

முதல்ல ரெண்டையும் பிரிச்சு பாக்கணும். பணம் வச்சு பணம் எடுக்க ரம்மி, பெட்டிங் மாதிரி உள்ளது ஒரு வகை, தமிழ்நாட்டுல 2022லயே தனி சட்டம் வந்தாச்சு, 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட் நாடு முழுக்க பணம் வச்சு ஆடுத ஆன்லைன் கேமுக்கு தடை சட்டமே போட்டுட்டு. அதுக்கு பொறவும் லிங்க் அனுப்பி கூப்பிடுதான்னா அவன் திருடன்தான். இன்னொரு வகை துப்பாக்கி கேம்ல டைமண்டு, டிரஸ்சு, துப்பாக்கி பெயிண்டு வாங்கது. பப்ஜிய 2020ல தடை பண்ணாங்க, ப்ரீ ஃபயர 2022ல தடை பண்ணாங்க, அதே மாதிரி வேற பேருல வந்துட்டுதான் இருக்கு, அதுக்குள்ள சாமான் வாங்கதுக்கு இந்த தடை இல்ல.

பிளே ஸ்டோர் வழியா போன காசுன்னா 48 மணி நேரத்துக்குள்ள ரீபண்டு கேட்டு பாருங்க, பொறவு ஒவ்வொரு தடவ வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேக்க மாதிரி செட்டிங்ஸ்ல வைங்க. ப்ரீ டைமண்டு தாரேன்னு எவனாவது ஓடிபி வாங்கி எடுத்திருந்தா ஒரு நிமிசம் தாமதிக்காம சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிங்க, காசு அடுத்த அக்கவுண்டுக்கு ஓடுதுக்கு முன்ன நிறுத்தி வைக்க வழி உண்டு. இனி யுபிஐ பின்ன மாத்துங்க, பிள்ள முன்ன வச்சு அடிக்காதீங்க. மீன் வாங்க, பால் வாங்கன்னு நாமதான் பின்ன சொல்லி குடுத்து கடைக்கு அனுப்பியிருக்கோம்.

ஒண்ணு மட்டும் கூட சொல்லிக்கிடுதேன். ப்ளஸ் டூ முடிச்ச பையன்மாருட்ட "ஒன் பேங்க் அக்கவுண்ட மட்டும் குடு, மாசம் இத்தன ரூவா தாரேன்"ன்னு ஆளு பிடிக்கான். குடுத்தா திருட்டு காசு ஒன் அக்கவுண்டு வழியாத்தான் போகும், கேசும் ஒன் பேருலதான் வரும். வேண்டாம் மக்களே.

பொம்பளப்பிள்ளைக்குதானே பயம், பையனுக்கு குடுத்தா என்ன?

இந்த பேச்ச கேக்கும்போது எனக்கு கோவமே வரும். மூணு வருசத்துல படத்த வச்சு மிரட்டுதான்னு என் கடைக்கு நடுங்கிட்டு வந்தவங்கள்ல பையன்மாருதான் கூடுதல். அழகான பெண்ணு படம் போட்ட அக்கவுண்டுல இருந்து வீடியோ கால் வரும், ரெண்டு நிமிசத்துல ரெக்கார்டு பண்ணிட்டு காசு கேப்பான். பையனுக்கு ஒண்ணும் வராதுன்னு வீடே சொல்லி வச்சிருக்கதால அவன் வீட்டுல போய் சொல்லவே மாட்டான். பொம்பளப்பிள்ளைக்கு குடுக்காத போன பையனுக்கும் குடுக்காதீங்க, குடுத்தா ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்.

அண்ணா, ஒருத்தன் என் படத்த வச்சிருக்கான், காசு குடுக்கலன்னா எல்லாருக்கும் அனுப்பிருவேன்ங்கான். நான் என்ன செய்ய?

இத வாசிக்க பிள்ள நீயா இருந்தா, முதல்ல ஒண்ணு கேளு, ஒனக்கு இதுல இருந்து வெளிய வர வழி உண்டு. காசு குடுக்காத, ஒரு ரூவா கூட. குடுத்தா நிறுத்த மாட்டான், இவன் குடுப்பான்னு தெரிஞ்சு இன்னும் கேப்பான். சாட்ட அழிக்காத, பயத்துல எல்லாரும் முதல்ல அதத்தான் செய்யுதாங்க, அதுதான் சாட்சி. அவன் பேரு, அக்கவுண்டு லிங்க், நம்பர், காசு கேட்ட மெசேஜ் எல்லாம் தெரியுத மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடு, மிரட்டுன மெசேஜ மட்டும் போதும், ஒன் படத்த யாருக்கும் அனுப்பாண்டாம். எடுத்து முடிச்சிட்டு ரிப்போர்ட் பண்ணி பிளாக் பண்ணு. அன்னைக்கே நம்பிக்கையான பெரிய ஆளு ஒருத்தர்ட்ட சொல்லு. 1098 சைல்டு ஹெல்ப்லைன், 18 வயசுக்கு கீழ யாரும் கூப்பிடலாம், காசு கிடையாது. 1930 சைபர் கிரைம், நாகர்கோவில்ல சைபர் கிரைம் போலீஸ் இருக்கு. படம் பரவாம இருக்க டேக் இட் டவுன்னு ஒரு இலவச சேவை உண்டு, ஒன் படம் ஒன் போன விட்டு போகாது, அதோட கைரேகை மாதிரி ஒரு அடையாளம் மட்டும்தான் போகும், இன்ஸ்டா, பேஸ்புக் மாதிரி உள்ளவங்க அத வச்சு படத்த தடுப்பாங்க. படம் ஒனதே இல்ல, ஏஐ வச்சு ஒன் மூஞ்சிய ஒட்டினதுன்னாலும் இதே வழிதான்.

போலீஸ்னா ஊரே தெரிஞ்சிரும்னு பயம் இருக்கும். பிள்ளையள பாலியல் கொடுமைல இருந்து காக்க போக்சோ சட்டம் 2012ல வந்துச்சு, அதுல பிள்ளையோட பேரு, படம், வீடு, ஸ்கூல் எதையும் வெளிய விடக்கூடாதுன்னு இருக்கு. வாக்குமூலம் வீட்டுலயே வச்சு எடுக்கலாம், கூடுமானவரை பெண் எஸ்ஐ, அதுவும் யூனிபார்ம் போடாம வரணும்னு இருக்கு. ராத்திரி ஸ்டேசன்ல பிள்ளைய வைக்க கூடாது.

பெத்தவங்களுக்கு ஒரு வார்த்த. 2011 கணக்குல தமிழ்நாட்டுலயே எழுத படிக்க தெரிஞ்சவங்க கூடுதல் உள்ள மாவட்டம் நம்மது, 91.75 சதவீதம். இதே நாகர்கோவில்லதான் 2020ல ஒரு ஆளு பிடிபட்டான், சோசியல் மீடியாவுல பழகி படம் எடுத்து எத்தனையோ பெண்கள மிரட்டினவன், 2023 ஜூன்ல இங்க உள்ள கோர்ட்டே ஆயுள் தண்டனை குடுத்துச்சு. அவன்கிட்ட மாட்டினவங்கள்ல நல்லா படிச்சவங்களும் உண்டு. இத்தன பேரு வாய மூடிட்டு இருந்ததுக்கு காரணம் என்ன? வீட்டுல தெரிஞ்சா என்ன ஆகும்னு உள்ள பயம்தான். மிரட்டுதவனுக்கு கையில உள்ள ஆயுதம் படம் இல்ல, நம்ம வீட்டு கோவம்தான். அத அவன் கையில இருந்து வாங்கணும்னா, ஒண்ணும் நடக்கதுக்கு முன்னயே, இன்னைக்கே, சோறு போடும்போது சொல்லிருங்க: "என்ன நடந்தாலும் வந்து சொல்லு, போன பிடுங்க மாட்டேன், அடிக்க மாட்டேன்." சொன்னா காப்பாத்தவும் செய்யணும்.

அப்பாட்ட சொன்னா முதல்ல போன பிடுங்குவாரு, படிப்ப நிறுத்தி வீட்டுல இருன்னு சொல்லிருவாரு. பொறவு எப்படி சொல்ல?

அப்பாட்டதான் சொல்லணும்னு இல்ல மக்களே. சித்தி, அத்தை, பெரியம்மா மவ, கிளாஸ் டீச்சர், வேதபாடம் எடுக்க சிஸ்டர், யாரு கோவப்படாம முதல் அஞ்சு நிமிசம் கேப்பாங்கன்னு ஒனக்கே தெரியும், அவங்கட்ட போ. நேர்ல சொல்ல வாய் வரலன்னா ஒரு பேப்பர்ல எழுதி குடு. அப்பாட்ட பொறவு அவங்க பேசட்டும். யாருமே இல்லன்னு தோணினா மேல சொன்ன 1098. இத கேட்ட பிள்ளைட்ட நான் அத்தைட்ட போக சொன்னேன், அத்தை அன்னைக்கு ராத்திரியே அப்பாட்ட பேசி, ரெண்டு பேரும் சேந்து மறுநாள் பிள்ளைய கூட்டிட்டு போலீசுக்கு போனாங்க. அந்த அப்பா என்கிட்ட பொறவு சொன்னாரு, எம் மவ என்ன கண்டா பயப்படுவான்னு எனக்கு தெரியாதுன்னு.

எம் மவன் ஒண்ணும் எடுக்கல, குரூப்புல வந்தத பார்வர்டுதான் பண்ணான். அதுக்கும் கேசா?

ஆமா. 18 வயசுக்கு கீழ உள்ள பிள்ளையோட ஆபாச படம், வீடியோ எதுவா இருந்தாலும் அனுப்பதும் குத்தம், தேடி பாக்கதும் டவுன்லோடு பண்ணதும் குத்தம். ஐடி சட்டம், அதாவது தகவல் தொழில்நுட்ப சட்டம், 67பி பிரிவுல முதல் தடவைக்கே 5 வருசம் வரை ஜெயிலும் 10 லட்சம் வரை அபராதமும் போடலாம். பாத்தா மட்டும் குத்தம் இல்லன்னு ஒரு பேச்சு ஓடிச்சு, 2024 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அத தள்ளிட்டு. உங்க பையனுக்கு 18 ஆகலன்னா சிறார் நீதி குழுமத்துக்கு போகும், ஆனா அந்த படத்துல உள்ள பிள்ளைக்கு நடந்தத யாரும் திருப்பி எடுக்க முடியாது. கூட படிக்க பிள்ள படம்னா அது ஒரு வீட்டு பிள்ள. குரூப்புல வந்தா அனுப்பாத, வெளிய வா, பெரியவங்கட்ட சொல்லு.

ரீல்ஸ் எடுக்கதான போறான், கூட்டுகாரங்க எல்லாம் போறாங்க. அதுலயும் ஆபத்தா?

முட்டம் பாறையில கடலுக்கு முதுகு காட்டி நிக்காங்க, எனக்கு பாக்கும்போதே நெஞ்சு அடிக்கும். கள்ளக்கடல்னு கடற்கர ஊருக்காரங்க சொல்லுவாங்கல்லா, இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது, எங்கயோ தெக்க தூரத்துல கிளம்பின அலை திடீர்னு ஏறி அடிக்கும், ஹைதராபாத்துல உள்ள கடல் தகவல் மையம் அதுக்கு முன்னயே எச்சரிக்க குடுக்கும், அது வந்த நாள்ல கடல் பக்கமே போகாண்டாம். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், அந்த கைப்பிடி சுவர் மேல ஏறி படம் எடுக்கதுக்கு இல்ல.

பைக்க குடுத்து அனுப்புத அப்பாமாருக்கு, லைசென்ஸ் இல்லாத சின்ன பையன் ஓட்டினா 2019 திருத்தத்துக்கு பொறவு கேசு பெத்தவங்க, இல்லன்னா வண்டி ஓனர் மேலதான், 25 ஆயிரம் அபராதம், 3 வருசம் வரை ஜெயில், வண்டி ரெஜிஸ்ட்ரேசன் ஒரு வருசம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடைக்காது.

அவரு கல்ஃபுல இருக்காரு, நான் ஒத்தைக்கு, பையன் என் பேச்ச கேக்க மாட்டான். நான் எப்படி அடக்க?

நம்ம மாவட்டத்துல இது ஒரு வீட்டு கதை இல்ல. வெளிநாட்டுல அப்பா, தூத்தூர் வள்ளவிளை பக்கம்னா ஆழ்கடலுக்கு போய் ஒரு மாசம் கழிச்சு வர அப்பா. வீட்டுல அப்பாங்கது போனுக்குள்ளதான் இருக்காரு, அதனால போன வெறுக்கவும் முடியாது. இங்க நடக்க தப்பு என்னன்னா, தினமும் வீடியோ கால்ல அம்மா குத்தம் சொல்லுவாங்க, அப்பா அங்க இருந்து சத்தம் போடுவாரு, பையனுக்கு அப்பான்னாலே ஏச்சுன்னு ஆயிரும். அப்பா கால் பண்ண நேரத்துல பத்து நிமிசம் அவன் கதைய மட்டும் கேக்கட்டும், கிரிக்கெட்டோ கேமோ என்ன எளவா இருந்தாலும் சரி. சட்டம் என்னன்னு அப்பாவும் அம்மாவும் தனியா பேசி ஒண்ணா முடிவு பண்ணி ஒண்ணா சொல்லணும். லீவுக்கு வரும்போது விலை கூடின போன கொண்டு வந்து குடுத்து பாசத்த காட்டாதீங்க, அதுக்கு முன்ன அம்மாட்ட ஒரு வார்த்த கேளுங்க.

ஆஸ்திரேலியாவுல 16 வயசு வரை தடையாமே, இங்கயும் வந்தா பிரச்சன தீந்துரும்லா?

2025 டிசம்பர் 10ல இருந்து அங்க அப்படித்தான், சோசியல் மீடியா அக்கவுண்டு வைக்க கூடாது, மீறினா பிள்ளைக்கு இல்ல, கம்பெனிக்குத்தான் அபராதம். அந்த ஒரு விசயம் எனக்கு பிடிச்சிருக்கு. ஆனா சட்டம் வரட்டும்னு காத்திருக்க முடியாது, உங்க பிள்ளைக்கு இப்பவே 14 வயசு.

போன பிடுங்கினா செத்துருவேன்ங்கான். சும்மா மிரட்டுதானா நெசமா?

சும்மான்னு நெனச்சுக்கிடாதீங்க, எந்த நாளும். "செஞ்சு பாரு"ன்னு வாயில வந்துரக்கூடாது. அந்த நேரத்துல போன் பெருசில்ல, பக்கத்துல உக்காருங்க, ஒத்தைக்கு விடாதீங்க, வீட்டுல பூச்சி மருந்து மாதிரி உள்ளது இருந்தா கைக்கு எட்டாம மாத்துங்க. சாகணும்னு தோணுதா மக்கான்னு நேராவே கேக்கலாம், கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துராது, சொல்ல அவனுக்கு ஒரு வழி கிடைக்கும். 14416ன்னு மனநல நம்பர் உண்டு, ராத்திரி பகல் எப்பவும் தமிழ்லயே பேசலாம், 104லயும் ஆலோசனை கிடைக்கும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநல டாக்டர் இருக்காங்க, அங்க போறதுல ஒரு வெக்கமும் இல்ல, காய்ச்சலுக்கு போவோம்லா.

இவ்வளவு தூரம் வந்த பிள்ளைக்கு பல நேரம் போன் மேல உள்ள ஆச மட்டும் இருக்காது. ஸ்கூல்ல எவனாவது கேலி பண்ணலாம், படிப்பு ஏறாம இருக்கலாம், மேல சொன்ன மிரட்டல் எதுலயாவது மாட்டியிருக்கலாம், போன் அவனுக்கு ஒளிஞ்சுக்கிட ஒரு எடம். அத ஒரே நாள்ல இழுத்து பிடுங்கினா அவன் எங்க போவான்? நேரத்த கொறைக்கது டாக்டர்ட்ட பேசின பொறவு மெதுவா நடக்கட்டும்.

கோவத்துல தரையில அடிச்சு ஒடச்சிட்டேன் தம்பி. அஞ்சு நாளா அவன் என்கிட்ட பேசல. சரி பண்ணி குடுக்கவா, அப்படியே விடவா?

மாசத்துக்கு ரெண்டு பேராவது கவர்ல துண்டு துண்டா கொண்டு வருதாங்க. கொண்டு வர அப்பா மூஞ்சிய பாத்தா தெரியும், அஞ்சு நாளா அவரும் ஒறங்கியிருக்க மாட்டாரு. பெரும்பாலும் டிஸ்ப்ளேதான் போயிருக்கும், மதர்போர்டு நல்லா இருந்தா சரி பண்ணிரலாம். உள்ள அவன் படிச்ச நோட்ஸ் இருக்கும், செத்துப்போன பாட்டாவோட குரல் இருக்கும், நமக்கு தெரியாது அதுல என்னென்ன வச்சிருக்கான்னு.

ஆனா நான் அன்னைக்கே சரி பண்ணி குடுக்க மாட்டேன். போன் இங்க இருக்கட்டும், சனிக்கிழம அவனையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுவேன். வர வழியில ஒடச்சது தப்புன்னு நீங்க முதல்ல சொல்லணும், வேற ஒண்ணும் கூட்டி சொல்லாண்டாம், அதுக்கு பொறவு "ஆனா"ங்கது வேண்டாம். ராத்திரி போன் எங்க இருக்கும், எத்தன மணிக்கு, யாரு யாரு போன் எல்லாம்னு ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு வாங்க, முடியலன்னா கடைக்கு வெளிய பெஞ்சு கிடக்கு, அங்க உக்காந்து பேசுங்க, டிஸ்ப்ளே மாத்த எனக்கு ஒரு மணி நேரம் ஆகும்.